நாலாம் தகட்டில் ஈயம்

சூரியனுக்கே தூக்கம் கெடுத்தவள் ஒருத்தி உண்டென்றால் அது கொடைக்கானல் மூஞ்சிக்கல் பெயிண்ட் கடை ஒலியுல்லாவின் மூத்த மகள் சப்ரின்தான். அவள் கையில் இருக்கும் எக்ஸ்ரேயைச் சற்றே தெற்கே திருப்பினால், பேரிஜம் காட்டில் நிற்கும் காட்டெருமையின் வயிற்றுக்குள் நேற்று மேய்ந்த புல் எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்று தெரியும். வடக்கே திருப்பினால் மலையையே துளைத்துக்கொண்டு கீழே இறங்கி, பழனி அடிவாரத்தில் அடுக்கி வைத்த பஞ்சாமிர்த டப்பாக்களில் எதில் பேரீச்சம்பழம் குறைவு என்று காட்டிக் கொடுத்துவிடும். நோபல் பரிசு கொடுக்கிறவர்கள் இன்னும் கொடைக்கானலுக்கு வராததற்குக் காரணம், சீசனில் ரூம் கிடைக்காததுதான்.

இவ்வளவும் ஒலியுல்லா கடையில் உட்கார்ந்தபடி, பிரஷ் வாங்க வந்தவர்களிடம் சொல்வது. சப்ரினைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வாள். இரும்பின் மேல் பெயிண்ட் அடிக்கிறோம். இரும்பு முடிந்து பெயிண்ட் தொடங்கும் இடம் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கிறாள். அவ்வளவுதான் அவள் வேலை. அந்த இடத்துக்குப் படித்தவர்கள் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். வீட்டில் விளங்க வேண்டும் என்பதற்காக அவள் அதைச் 'சந்து' என்றாள். அத்தோடு வீட்டில் எல்லாரும் அவளைச் சந்துக்குள் படிக்கிற பிள்ளை என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

அந்தச் சந்துக்குள் அவள் நுழைந்தது பிளஸ் டூ படிக்கும்போது. கவுஞ்சியிலிருந்து பொன்னுவேல் என்கிற பூண்டு விவசாயி ஒருநாள் கடைக்கு வந்தார். கையில் ஒரு பேப்பர் பொட்டலம். அதைப் பிரித்து, தகரக் கூரையிலிருந்து உரிந்த பெயிண்ட் தோலை மேஜையில் போட்டார்.

"ஏன் பாய், இது பெயிண்டா, இல்ல வெங்காயத் தோலா? போன வருசம் அடிச்சது. இப்ப உரிஞ்சு உரிஞ்சு விழுது."

"நீ ஏணியைப் போட்டு இழுத்திருப்ப பொன்னுவேலு. கீறல் விழுந்தா தண்ணி எறங்கத்தான் செய்யும்."

"ஏணி வச்ச எடம் நல்லாத்தான் கெடக்கு பாய். ஒருத்தரும் தொடாத எடம்தான் போச்சு."

பள்ளிக்கூடம் விட்டு வந்த சப்ரின் அந்தத் தோலை எடுத்துத் திருப்பினாள். மேல்பக்கம் மழமழவென்று, ஒரு கீறல் கிடையாது. அடிப்பக்கம் முழுக்கச் செக்கச்செவேல் என்று துரு.

"மேல கீறலே இல்லையே அத்தா. தண்ணி எங்கிட்டு உள்ள போச்சு?"

"படிக்கிற பிள்ளைக்கு இங்க என்ன சோலி? போ, மாமாவுக்கு ஒரு டீ வாங்கிட்டு வா."

அவள் போனாள். டீ வாங்கி வந்தாள். கிளாஸை வைத்துவிட்டு, "தண்ணி எங்கிட்டு உள்ள போச்சு?" என்று மறுபடி கேட்டாள்.

சப்ரினின் வாழ்க்கை வரலாறு மொத்தமும் இதற்குள் அடக்கம். சொன்ன வேலையைச் செய்வாள், பிறகு அதே கேள்வியைக் கேட்பாள். மதுரையில் இயற்பியல் படிக்கும்போதும் கேட்டாள். ஆராய்ச்சிக்குச் சேர்ந்ததும் வழிகாட்டியான ரோகிணி மேடத்திடம் முதல் நாளே கேட்டாள். மேடம் ஒரு டீகூட வாங்கச் சொல்லாமல், "தெரியலையே, பாத்துச் சொல்லு" என்றார். அன்றிலிருந்து சப்ரினுக்கு அவர்மேல் தனி மரியாதை.

அவளுக்கு ஒரு தங்கை உண்டு. பெயர் சாஹிரா. அவளைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. பிளஸ் ஒன்னோடு படிப்பு அவளை விட்டுவிட்டது. கடையில் கலர் கலக்கும் மெஷின் அவள் பொறுப்பு. சுற்றுலா வந்த ஒரு தம்பதிக்குக் காலி டப்பாவை மூடிக் கொடுத்து, "இது ஒரிஜினல் கொடைக்கானல் மேகம், ஊர்ல போய்த்தான் தொறக்கணும்" என்றவள் அவள்தான். ஒலியுல்லாவின் தாடிக்குப் போடும் மருதாணியில் மெஷினிலிருந்து இரண்டு சொட்டுப் பச்சை கலந்து, ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கப் பள்ளிவாசலில் அவரைக் கிளி மாதிரி உட்கார வைத்தவளும் அவள்தான். மாமி உம்ராவுக்கு மக்கா போய்வந்தபோது அவளுக்குக் கண்ணுக்கு இடும் கருப்புச் சுர்மா கொண்டுவந்தார். சப்ரின் அந்தக் குப்பியைப் பார்த்ததும், "இந்த மாதிரி சுர்மால ஈயம் இருக்கும்டி, கண்ணுல போடாத" என்று படித்துப் படித்துச் சொன்னாள். சாஹிரா அதுவரை வாரம் ஒருமுறை போட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து தினமும்.

ஆய்வு மூன்றாம் வருடத்தை எட்டியபோது சப்ரினுக்கு ஒரு சிக்கல் வந்தது. ஆய்வுக்குழுவில் இருந்தவர்கள் அவள் சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டினார்கள், ஆனால் மேலும் கீழுமாக இல்லை. கீறல் விழாத பெயிண்டுக்குள் ஈரம் மெதுவாகப் போகும், அது எல்லாருக்கும் தெரியும். ஒரே மழைக்காலத்தில், வெறும் மேகம் பட்டு, ஓரம் வழியாக இல்லாமல் மேல்பரப்பு வழியாகவே உள்ளே இறங்கி இரும்பைத் தின்றுவிடும் என்கிறாயே, அதற்குச் சாட்சி எங்கே என்றார்கள். இந்த முறை சாட்சி இல்லாவிட்டால் அந்த அத்தியாயத்தைத் தூக்கிவிட்டு, எளிதாக எதையாவது செய்து முடித்துக்கொள் என்றும் சொன்னார்கள். அதாவது, பொன்னுவேல் கொண்டுவந்த தோலைக் குப்பையில் போட்டுவிட்டு டீ மட்டும் வாங்கி வா என்று அர்த்தம்.

சப்ரின் அசரவில்லை. "சாட்சி எங்க வீட்டு மாடியில இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

தீப்பெட்டி அளவில் கண்ணாடிச் சில்லுகளை எடுத்து, அவற்றின் மேல் கண்ணுக்குப் பிடிபடாத மெல்லிய இரும்புப் படலம் படிய வைத்தாள். அதன் மேல் அத்தா கடையில் விற்கிற அதே சாம்பல் நிறப் பிரைமர். பளபளப்பே இல்லாத, செத்த சாம்பல் நிறம். ஒவ்வொரு தகட்டையும் பின்பக்கம் மூடிய ஒரு சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் செருகினாள். ஆறு தகடுகள் கொடைக்கானலுக்கு வந்தன. அதே மாதிரி இன்னொரு தகடு மதுரையில் அலமாரிக்குள், காற்றுப் படாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. ஆறையும் கடை மாடியில், கோழி வலை அடித்த ஒரு கூண்டுக்குள் நிறுத்தி வைத்தாள்.

"சாஹிரா, நீதான் காவல்."

"என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக்கூடாது. தொடக்கூடாது. பக்கத்துல போய் மூச்சுகூட விடக்கூடாது."

"அப்ப எதுக்கு நானு? ஒரு பொம்மைய நிறுத்தி வைக்கலாம்ல?"

"பொம்மை இருந்தா நல்லதுதான். நம்ம வீட்ல நீதான இருக்க."

மழைக்காலம் முழுக்க மேகம் மாடிப்படி ஏறி வந்து அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டுப் போனது. அது முடிந்ததும் சப்ரின் வந்து தகடுகளை எடுத்தாள். கூண்டின் ஒரு மூலையில் வலை பிய்ந்து, பெயிண்ட் டப்பாக் கைப்பிடிக் கம்பியால் தைக்கப்பட்டிருந்தது.

"இது என்னடி?"

"காத்துக்கா. பிச்சு எறிஞ்சிருச்சு. நாந்தான் தச்சேன். அந்தக் கம்பிதான் கையையும் கிழிச்சிருச்சு, பாரு" என்று சாஹிரா மணிக்கட்டைக் காட்டினாள். காயம் ஆறித் தழும்பாகியிருந்தது. சாஹிரா அப்போது கம்ப்யூட்டர் கிளாஸுக்கு வேறு போய்வந்துகொண்டிருந்தாள். அவள் திருந்துகிறாள் என்று அம்மா ஆசியாவுக்கு ஏக சந்தோஷம். சப்ரின் தகடுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு இந்தூருக்கு ரயில் ஏறினாள். கூடவே அவள் ஆய்வகத்து ஜூனியர் சௌம்யா.

இந்தூரில் இருப்பது சின்குரோட்ரான். அது ஒரு பெரிய வட்டக் குழாய். அதற்குள் எலக்ட்ரான்களை வெறி பிடித்த வேகத்தில் விரட்டுவார்கள். நம் மலைப்பாதையில் பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது கடைசி சீட்டுக்காரர் என்ன செய்வார்? எலக்ட்ரானும் அதையேதான் செய்கிறது. வளைவில் திரும்பும்போதெல்லாம் கக்குகிறது. கக்குவது மட்டும் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் எக்ஸ்ரேயும் உண்டு. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அதன் முன்னால் மின்மினிப் பூச்சி. அதைக் கடுகில் நூறில் ஒரு பங்காகக் குறுக்கித் தகட்டில் பாய்ச்சினால், பெயிண்டைத் தாண்டிப் போய் அடியில் இருக்கும் இரும்பைத் தட்டி, நீ இன்னும் இரும்பாக இருக்கிறாயா, துருவாகிவிட்டாயா என்று கேட்டு வரும். பெயிண்டை உரிக்க வேண்டியதில்லை.

அந்த எக்ஸ்ரே சும்மா கிடைக்காது. நாடு முழுக்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். சப்ரினுக்குக் கிடைத்தது இரண்டு பகல். விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

முதல் பகல் அவ்வளவு நன்றாகப் போகவில்லை. முதல் மூன்று தகடுகளிலும் ஓரத்தில் பெயிண்ட் தூக்கிக்கொண்டிருந்தது. அந்த வழியாக ஈரம் போய்த் துரு பிடித்திருந்தது. ஐந்தாவதிலும் ஆறாவதிலும் ஆலங்கட்டி விழுந்து பொத்தல். அத்தா பக்கத்தில் இருந்திருந்தால், "நாந்தான் அப்பவே சொன்னேன்ல, கீறல்" என்றிருப்பார். நாலாவது மட்டும் முழுசாக இருந்தது. ஓரம் தூக்கவில்லை, பொத்தல் இல்லை. சாட்சி சொல்ல மிச்சம் இருந்தது அந்த ஒரே தகடுதான்.

மறுநாள் காலை அதை ஏற்றினார்கள். எக்ஸ்ரே பட்டால் ஒவ்வொரு பொருளும் தன் பங்குக்கு ஒரு வெளிச்சத்தைத் திருப்பித் தரும். திரையில் அது மேடு மேடாக எழும். இரும்புக்கு ஒரு மேடு, பெயிண்டில் இருக்கும் துத்தநாகத்துக்கு ஒன்று. நாலாவது தகட்டின் மூலையில் இன்னொரு மேடு எழுந்தது. யாரும் கூப்பிடாமல் வந்த விருந்தாளி.

"ஈயம்க்கா!" என்று சௌம்யா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "மேகத்துல ஈயம்! கொடைக்கானல் மேகத்துல ஈயம் வருது. இதுக்கு மட்டுமே தனியா ஒரு பேப்பர் எழுதலாம்க்கா!"

"ஒக்காரு" என்றாள் சப்ரின். "மேகம் ஆறு தகட்டு மேலயும்தான ஒக்காந்துச்சு? மத்த அஞ்சுல ஏன் இல்ல?"

சௌம்யா உட்கார்ந்தாள்.

மேகம் தொடவில்லை என்றால் கை தொட்டிருக்கிறது. கை என்றால் வியர்வை, வியர்வை என்றால் உப்பு. அந்த உப்பே இரும்பை அரிக்கப் போதும். தகட்டின் நடுவில் துரு இருந்தாலும், அது மேகத்தால் வந்ததா விரலால் வந்ததா என்று ஆய்வுக்குழு கேட்டால் பதில் கிடையாது. சப்ரின் வெளியே வந்து போனை எடுத்தாள்.

"சாஹிரா, நாலாவது தகட்டைத் தொட்டியா?"

"நானா? சேச்சே. அந்தப் பக்கமே போகல."

"கண்ணுல சுர்மா போட்டிருக்கியா?"

"...எதுக்கு?"

"தகட்டுல ஈயம் இருக்கு."

அந்தப் பக்கம் கலர் மெஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது. ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தபடி, தான் மறைத்ததை ஒருத்தி கண்டுபிடிப்பது சாஹிராவுக்கு அதுதான் முதல் தடவை.

"சரி, தொட்டேன். போதுமா? சுர்மா போட கண்ணாடி தேடுனேன், கெடைக்கல. அந்தத் தகட்டைக் கண்ணாடியா வச்சுப் பாத்துப் போட்டேன்."

"ஒரு தடவையா, தினமுமா?"

"ஒரே தடவை. சத்தியமா."

"ஒன் சத்தியத்தை எந்தக் கடையிலயும் வாங்க மாட்டாங்கடி. சாப்பாட்டு நேரத்துல என் உசிரை வாங்குறியே. வையி போனை."

இனி இரண்டு வழி இருந்தது. நாலாவது தகட்டை ஒதுக்கிவிட்டு, ஓரம் போன தகடுகளை வைத்தே எதையாவது எழுதலாம். இல்லை என்றால் மிச்சமிருக்கும் நேரத்தில் பாதியைக் கொடுத்து, நாலாவது தகட்டை இம்மி இம்மியாக நகர்த்தி, எங்கெல்லாம் ஈயம் இருக்கிறது என்று படம் எடுக்கலாம். ஈயம் நடுவரைக்கும் பரவியிருந்தால் தகடும் போச்சு, நேரமும் போச்சு. ரோகிணி மேடத்தைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றாள் சௌம்யா.

"மேடம் என்ன சொல்வாங்க? பாத்துச் சொல்லுன்னுதான் சொல்வாங்க. பாப்போம்" என்றாள் சப்ரின். குரலில் ஒரு நடுக்கம் கிடையாது. காலை மட்டும் மேஜைக்கு அடியில் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

படம் வரி வரியாக வந்தது. முதலில் மூலையில் ஒரு வளைவு. அதற்குள் இன்னொரு வளைவு. வெந்நீரில் டீத்தூள் இறங்குவதுபோல மெல்ல மெல்ல ஒரு கட்டைவிரல் திரையில் இறங்கியது. ரேகைகூடத் தெரிந்தது. ஒரே ஒரு விரல், ஒரே ஒரு தடவை. அழுத்தி வைத்துவிட்டு எடுத்த விரல். அதற்கப்பால் தகடு முழுக்கச் சுத்தம். விரல் பட்டால் வேறு என்னென்ன ஒட்டுமோ அதையும் தேடிப் பார்த்தார்கள். நடுவில் எதுவும் இல்லை.

"எங்க வீட்டுக் கைநாட்டு" என்றாள் சப்ரின்.

மிச்ச நேரம் முழுக்க நடுவில் எக்ஸ்ரேயைப் பாய்ச்சினாள். எக்ஸ்ரேயின் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால், ஓர் இடத்தில் இரும்பு திடீரென்று அதை விழுங்க ஆரம்பிக்கும். துருவாகிவிட்ட இரும்பு என்றால் அந்த இடம் சற்றுத் தள்ளிப் போகும். மதுரை அலமாரியிலிருந்து கூடவே கொண்டுவந்த தகடு சொன்ன இடத்தில் விழுங்கியது. நாலாம் தகடு தள்ளித்தான் விழுங்கியது. ஒரு கீறல் இல்லாத பெயிண்டுக்கு அடியில், யார் விரலும் படாத நடு இடத்தில், இரும்பு துருவாகியிருந்தது. பொன்னுவேல் கூரையில் நடந்த அதே வேலை.

சப்ரின் வேறு ஓர் இடத்தில் பார்த்தாள். அங்கும் அதுதான். இன்னோர் இடம். அங்கும். பிறகுதான் கால் ஆடுவது நின்றது.

அந்த அத்தியாயம் ஆய்வில் நின்றது. கட்டைவிரல் படமும் அதில் இருக்கிறது, கீழே ஒரு குறிப்போடு. ஆய்வுக்குழுவில் ஒருவர், "இது யாரோட விரல்?" என்று கேட்டார். "எங்க காவல்காரியோடது சார்" என்றாள் சப்ரின். அவள் பட்டம் வாங்கிய அன்று ஒலியுல்லா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்து, கீறல் இல்லாமலே தண்ணீர் உள்ளே போகும் என்று தான் அன்றைக்கே சொன்னதாகச் சொன்னார். பொன்னுவேலும் டீ குடித்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைவீதி வியாபாரிகள் தங்கள் ஆண்டு விழா மலருக்கு சப்ரினைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். ஒலியுல்லாவுக்குப் பேசத்தான் வரும். ஆசியாவுக்கு அடுப்படி வேலை. ஆக, எழுதுகிற பாடு சாஹிராவின் தலையில் விழுந்தது. சூரியனுக்குத் தூக்கம் கெட்டதில் தொடங்கி, பொன்னுவேல் டீ குடித்ததுவரை எழுதி முடித்து, அச்சுக்குப் போகும் முன்னால் அக்காவிடம் நீட்டினாள்.

சப்ரின் கடை ஸ்டூலில் உட்கார்ந்து படித்தாள். காட்டெருமை வயிற்றுக்குச் சிரித்தாள். பஸ் வளைவுக்கு முகத்தைச் சுளித்து, "அசிங்கமா இருக்கு. ஆனா சரியா இருக்கு" என்றாள். தகட்டைக் கண்ணாடியாக வைத்துச் சுர்மா போட்ட இடத்துக்கு வந்ததும் படிப்பதை நிறுத்தினாள்.

"ஏண்டி, தகட்டுல நான் என்ன பெயிண்ட் அடிச்சிருந்தேன்?"

"சாம்பல். அதான் எழுதியிருக்கேன்ல."

"செத்த சாம்பல்னு எழுதியிருக்க. அதுல மூஞ்சி தெரியுமா? பொழுதன்னிக்கும் பெயிண்ட் கடையில ஒக்காந்திருக்கிறவ நீ. இந்தூர்ல அவசரத்துல நானும் விட்டுட்டேன்."

சாஹிரா பிரஷ் அடுக்கை நேராக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"காத்து பிச்சா ஒரு மூலைய மட்டும் பாத்துப் பிக்குமா? கம்பி கிழிச்சா ஒரு கோடு விழும். ஒன் கையில மூணு கோடு இருக்கு, வரிசையா. போன வாரம் நர்ஸ் மகாதேவியக்கா கதவுக்கு எனாமல் வாங்க வந்தாங்க. 'அந்த மழைக்காலத்துல தங்கச்சிக்கு ஊசி போட்டேனே, அப்புறம் கை நல்லாயிருச்சா'ன்னு கேக்குறாங்க. கம்ப்யூட்டர் கிளாஸ்ல எப்பருந்துடி ஊசி போடுறாங்க?"

"கொரங்கு" என்றாள் சாஹிரா, பிரஷ்களைப் பார்த்தபடி. "சுர்மா போட்டுக்கிட்டிருந்தேன். மாடியில சத்தம். போய்ப் பாத்தா நாலாவதைச் சட்டத்தோட உருவிக்கிட்டுக் கைப்பிடிச் சுவத்துல ஒக்காந்திருக்கு. சட்டத்தைத்தான் புடிச்சிருந்துச்சு, தகட்டைத் தொடல. திருப்பி வைக்கிறப்ப என் வெரல்தான் பட்டுருச்சு."

"என்ன குடுத்து வாங்குன?"

"பட்டர் பன்னு. ரெண்டையும். அதுக்கப்புறமும் பிராண்டிட்டுத்தான் குடுத்துச்சு."

"அம்மாகிட்ட சொல்றதுக்கென்ன?"

"கொரங்கு பிராண்டுச்சுன்னா அம்மா அந்த நிமிசமே கூண்டைத் தூக்கி ரோட்டுல எறிஞ்சிரும். அப்புறம் ஒன் சந்து என்னாவுறது?" சாஹிரா மூக்கை உறிஞ்சினாள். "அதை எல்லாம் எழுத வேணாம். கண்ணாடின்னே இருக்கட்டும். என் பேரு கெட்டுப்போகும்."

"எங்க, இங்க திரும்பு. கண்ணு ஏன் கலங்குது?"

"சுர்மாக்கா. போட்டா இப்படித்தான் எரியும்."

சப்ரின் கட்டைவிரலால் அவள் கண்ணோரத்தை ஒரு தடவை வழித்து, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னைக்கு நீ சுர்மாவே போடலையேடி."